மொழி என்னும் கட்டடம்

(மூன்றாம் ஆண்டு மாணவி, சிவில் பிரிவு)



ஒரு புதுக் கட்டடத்தைத் திறக்கும்போது வாசலில் ஒரு கல்வெட்டு வைப்பார்கள். திறந்து வைத்தவர் பேர் இருக்கும். தலைமை தாங்கியவர் பேர் இருக்கும். ஒப்பந்தக்காரர் பேர்கூட இருக்கும். மண்ணு சுமந்தவர், கலவை போட்டவர், சாரத்தில் நின்று பூசியவர் பேர் மட்டும் எங்கேயும் இருக்காது. மொழியும் அப்படித்தான்! புலவர்கள் பேரும் மன்னர்கள் பேரும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த மொழியை அன்றாடம் பேசி, தேய்த்து, வளைத்து, புதுச்சொல் சேர்த்து நம் கையில் கொடுத்தவர்கள் பேர் தெரியாத கோடிக்கணக்கான சாதாரண ஜனங்கள்.

"சிவில் படிக்கிற பொண்ணுக்கு மொழியைப் பத்தி எதுக்குக் கட்டுரை?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள் வேலைக்குப் போறாங்க. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டில் ஒரு பேச்சு, வகுப்பில் ஒரு பேச்சு, ஆபீசில் ஒரு பேச்சு என்று மூன்று பேச்சோடு தினமும் போய் வருகிறவர்களுக்குத்தான் மொழி எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். நம் கல்லூரியில் என்னைப்போல நிறையப் பேர் இருக்கீங்க.

மொழி எப்படி மாறுகிறது? மாறினால் அது கெட்டுப்போச்சு என்று அர்த்தமா? ஒரு வெறும் சொல்லுக்கு ஒருவரை உயர்த்தவும் தாழ்த்தவும் பலம் எங்கிருந்து வருகிறது? இந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

என்கூட வாங்க. ஒரு சாதாரண வீட்டுக்குள்ளே போவோம். பூட்டைத் திறக்க 'சாவி' வேண்டும். சாவி என்பது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல். உள்ளே போய் 'ஜன்னல்' திறந்தால் அதுவும் போர்த்துக்கீசியம். அலமாரி, மேசை, கம்பிக் கிராதி, தண்ணீர் பிடிக்கிற பீப்பாய் எல்லாமே அந்த வழியில் வந்தவை. இவ்வளவு ஏன், வீட்டைக் கட்டிய 'மேஸ்திரி'யே போர்த்துக்கீசியச் சொல்தான்! ஆசான், தலைவன் என்று பொருள்படும் 'மெஸ்த்ரே' நம்ம ஊர் வாயில் மேஸ்திரி ஆகிவிட்டது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு, கப்பலில் வந்த சாமான்களோடு சேர்ந்து வந்த பேர்கள் இவை.

கொல்லைப்பக்கம் போனால் 'கக்கூஸ்'. இது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்து வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். நாம் சட்டைப்பையில் தேடுகிற 'துட்டு'ம் அவர்களுடைய செப்புக்காசின் பேர்தான்.

இப்போது பெட்டியைத் திறந்து வீட்டுக் காகிதங்களை எடுங்கள். தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, அசல், நகல், ஜப்தி! இவை எல்லாம் அரபு, பாரசீக மொழிகளிலிருந்து வந்தவை. ஆர்க்காட்டு நவாபு காலத்து நிர்வாகம் பாரசீகத்தில் நடந்தது. பிறகு வந்த கும்பெனியார் ஆளை மாற்றினார்கள், ஆனால் வரி வசூலிக்கிற சொல்லை மாற்றவில்லை. பழுது பார்ப்பதற்கு நாம் சொல்கிற 'மராமத்து'கூட அரபு வழி வந்ததே. இன்றைய பொதுப்பணித் துறைக்கு ஒரு காலத்தில் 'மராமத்து இலாகா' என்றுதான் பேர். கடைசியாகச் சுவரைப் பாருங்கள். சுவிட்சு, பல்பு, ஃபேன், பைப்பு. இவை ஆங்கிலேயர் காலத்து வரவு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனித்தீர்களா? சாமான் கொண்டு வந்தவன் சாமானோட பேரையும் கொண்டு வந்தான். ஆட்சிக்கு வந்தவன் காகிதத்திலே எழுதுகிற சொல்லைக் கொண்டு வந்தான். ஆனால் கல், மண், சுவர், கதவு, வாசல், கூரை, படி, அடுப்பு எல்லாம் நம்முடைய பழைய சொற்களாகவே நிற்கின்றன. மேல்மாடி பலமுறை இடித்துக் கட்டப்பட்டாலும் கடைக்கால் அசையவில்லை.

வீடு மாறினால் சொல்லும் போகும். திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்ற சொற்களை எங்கள் தெருச் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பார்த்தது ஹால், கிச்சன், பெட்ரூம் மட்டும்தானே! பொருள் மறைந்தால் சொல்லுக்கு வேலை இல்லாமல் போகிறது. வேறொரு விதமான மாற்றமும் உண்டு. 'கக்கூஸ்' என்று சொல்லக் கூச்சப்பட்டு 'பாத்ரூம்' என்றோம். அதுவும் பழகிப்போகவே 'டாய்லெட்' என்றோம். இப்போது 'ரெஸ்ட் ரூம்' என்கிறோம். இடம் ஒன்றுதான். கூச்சம் சொல்லை விரட்டிக்கொண்டே இருக்கிறது.

தேய்ந்தாலும் விதிப்படி தேயும்

சொல் அப்படியே இருந்து பொருள் மட்டும் மாறுவதும் உண்டு. 'தண்ணீர்' என்றால் என்ன? தண் என்றால் குளிர்ச்சி. தண்மையான நீர்தான் தண்ணீர். ஆனால் இன்று நாம் 'சுடு தண்ணி' கேட்கிறோம். அதாவது சூடான குளிர்ந்த நீர்! 'எண்ணெய்' என்றால் எள்ளின் நெய். நல்லெண்ணெய்க்கு மட்டும் உரிய பேர். இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மண்ணெண்ணெய் வரை அது பரந்துவிட்டது. 'நாற்றம்' ஒரு காலத்தில் நல்ல வாசனைக்கும் சொல்லப்பட்ட சொல். ஆண்டாள் பாசுரத்தில் நறுமணத்தைப் பற்றிக் கேட்கும்போது வருவது இந்த 'நாறு' என்ற வினைதான். இன்று ஒருவரிடம் போய் "உங்க வீட்டுச் சாம்பார் நாறுது" என்று சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று!

சரி, நாம் பேசுகிற பேச்சுத்தமிழ் 'கொச்சை' என்கிறார்களே, அதற்கு ஒழுங்கு கிடையாதா? ஒரு சின்னச் சோதனை செய்யலாம். படித்தான் என்பதைப் 'படிச்சான்' என்கிறோம். அடித்தான் 'அடிச்சான்'. வைத்தான் 'வச்சான்'. ஐந்து 'அஞ்சு'. ஆனால் கொடுத்தான் என்பதைக் 'குடுச்சான்' என்று யாராவது சொல்கிறார்களா? பார்த்தான் என்பதைப் 'பாச்சான்' என்கிறார்களா? கிடையாது. 'குடுத்தான்', 'பாத்தான்' என்றுதான் சொல்கிறோம். ஏன்? இ, ஐ போன்ற ஒலிகளுக்குப் பின்னால் வரும் தகரம் மட்டும் சகரமாக மாறுகிறது. மற்ற இடத்தில் மாறுவதில்லை. இந்த விதியை யாரும் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. மூன்று வயதுக் குழந்தை தானாகவே சரியாகச் சொல்கிறது. பள்ளிக்கூடமே போகாத என் பாட்டியும் சரியாகச் சொல்கிறார். ஆகவே கொச்சை என்று நாம் ஒதுக்குகிற பேச்சும் இலக்கணத்தோடுதான் இருக்கிறது என்றால் அது மிகையாகாது.

வெளியிலிருந்து வரும் சொல்லுக்கும் நம்ம மொழி ஒரு சட்டையை மாட்டித்தான் உள்ளே விடும். தமிழில் க, ச, ட, த, ப, ற என்ற வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால் போல்ட் 'போல்ட்டு' ஆகிறது, சிமெண்ட் 'சிமெண்டு' ஆகிறது. ஓசை குறைந்து ஒலிக்கிற அந்த உகரத்துக்குக் குற்றியலுகரம் என்று பேர், படித்திருக்கிறோம் அல்லவா! இலக்கணப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காத மெக்கானிக்கூட அந்த விதியை மீறுவதில்லை. வினைச்சொல்லும் நம்முடையதாகவே இருக்கும். சென்ட்ரிங் 'அடிக்கிறோம்', காங்கிரீட் 'போடுகிறோம்', லெவல் 'பார்க்கிறோம்', அப்ரூவல் 'வாங்குகிறோம்'. செங்கல் எங்கிருந்து வந்தாலும் அதை நிறுத்துகிற சட்டம் தமிழ்தான்.

இது ஏதோ இந்தக் காலத்துச் சீர்கேடு என்று நினைக்கவேண்டாம். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கு வகைச் சொற்களைத் தொல்காப்பியமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பழையது போவதும் புதியது வருவதும் குற்றமில்லை, அது காலத்தின் இயல்பு என்று சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சைட்டில் வாழும் தமிழ்

நமது துறையிலேயே ஓர் உதாரணம் பார்க்கலாம். வகுப்பில் 12 மில்லிமீட்டர் கம்பி என்று படிக்கிறோம். சைட்டில் அதற்கு 'நாலு நூல் கம்பி' என்று பேர். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வருவது ஒரு நூல். நாலு நூல் அரை அங்குலம். 10 மில்லிமீட்டர் என்றால் 'மூணு நூல்'. மெட்ரிக் அளவுக்கு 1956-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. ஆனாலும் நூல் அறுந்துபோகவில்லை! மட்டம் பார்க்க 'ரசமட்டம்', செங்குத்து பார்க்க 'தூக்குக்குண்டு', மூலை பார்க்க 'மூலைமட்டம்' என்று எவ்வளவு பொருத்தமான பேர்கள்! இவற்றை எந்தக் குழுவும் உட்கார்ந்து உருவாக்கவில்லை. வேலை செய்த கைகள் வைத்த பேர்கள் இவை.

இன்னொரு பக்கம், சிமெண்டுக்குப் 'பைஞ்சுதை' என்றும் காங்கிரீட்டுக்குக் 'கற்காரை' என்றும் அறிஞர்கள் நல்ல தமிழில் சொல் உருவாக்கினார்கள். ஆனால் எங்க அப்பாவிடம் போய்க் கற்காரை என்றால் என்ன கறி என்று கேட்பார். அதே சமயம் 'வேட்பாளர்', 'பேருந்து' போன்ற சொற்கள் வெற்றி பெற்றுவிட்டனவே, எப்படி? பத்திரிகையில், போர்டில், தேர்தல் சுவரில், மேடையில் என்று ஜனங்கள் கண்ணும் காதும் படுகிற இடத்திலெல்லாம் அவை புழங்கின. கற்காரை புத்தகத்தை விட்டு இறங்கிச் சைட்டுக்கு வரவே இல்லை. புழக்கம் இல்லாத சொல் குடியில்லாத வீடு மாதிரி. எவ்வளவு அழகாகக் கட்டினாலும் பாழ்தான்.

சொல்லும் அதிகாரமும்

திருக்குறளில் சொல்வன்மைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. 'அதிகாரம்' என்ற சொல்லுக்கே தமிழில் இரண்டு பொருள் இருப்பதை யோசித்துப் பாருங்கள். நூலின் ஒரு பகுதியும் அதிகாரம். அடக்கி ஆளும் பலமும் அதிகாரம்.

சொல்லை மாற்றுவது எல்லாருக்கும் முடியும். ஆனால் அந்தச் சொல் எதை இழுத்துக்கொண்டு வரும் என்பதைத் தீர்மானிப்பது காகிதம் வைத்திருப்பவர்கள். இதற்குச் சரியான சாட்சி 'புறம்போக்கு' என்ற சொல். இது ஒரு நல்ல தமிழ்ச் சொல். வரி போட்ட விவசாய நிலக் கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம் என்று பொருள். ஏரி, குளம், ஓடை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு, வண்டிப்பாதை என்று எல்லாருக்கும் பொதுவானது அது. ஆனால் வருவாய்க் கணக்கைப் பொறுத்தவரை வரி வராத நிலம் பயனில்லாத நிலம். அந்தப் பார்வை மெல்ல மெல்லச் சொல்லிலும் ஏறியது. நிலத்தின் பேர், அங்கே குடிசை போட்டிருக்கிறவர்கள் மேலே வசவாக விழுந்தது. எங்க தெருவே அப்படிப்பட்ட நிலம்தான், பட்டா கிடையாது. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் பையன்கள் அந்தச் சொல்லைத்தான் முதலில் எடுப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் திட்டு. எங்களுக்கு அது முகவரி. 2017-ல் எண்ணூர் கழிமுகத்தைக் காப்பாற்ற கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா ஒரு 'புறம்போக்குப் பாடல்' பாடினார். பொதுச் சொத்து என்ற பழைய பொருளை அந்தச் சொல்லுக்கு மீட்டுத் தரும் முயற்சி அது.

கடல் கடந்து போனாலும் இதே கதைதான். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கில அகராதியில் ஏறியதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் 'பறையர்' என்ற ஒரு மக்களின் பேரும் அதே அகராதியில் ஏறி, 'எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் உலகம் முழுக்கச் செய்தித்தாள்களில் புழங்குகிறது. பறை அடித்த கை எதைச் சொல்ல நினைத்தது என்று அந்த அகராதிக்காரர்கள் கேட்கவில்லை.

தெரியாத மொழியில் காகிதம் இருந்தால் என்ன ஆகும்? ஒரு முறை அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். படிவம் முழுக்க ஆங்கிலம். அப்பா எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். "படிக்கத் தெரியாதா? அங்க போய் உக்காரு, அப்புறம் பாக்கலாம்" என்று ஒருமையில் பதில் வந்தது. அப்பாவுக்கு வயது 50. பதில் சொன்னவருக்கு 30 இருக்கும். நான் படிவத்தை வாங்கி ஆங்கிலத்தில் சத்தமாகப் படித்து ஒரு சந்தேகம் கேட்டேன். உடனே, "உக்காருங்க மேடம்" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பத்து நிமிஷத்தில் எங்க இரண்டு பேருக்கும் நடுவில் மாறியது மொழி ஒன்றுதான். வீடு கட்டத் தெரிந்தவர் அவர். படிவம் படிக்கத் தெரிந்தவள் நான். நாற்காலி எனக்குக் கிடைத்தது.

மேடையும் ஆணையும்

அதிகாரத்தில் உள்ளவர்கள் மட்டும்தான் மொழியை மாற்ற முடியுமா? இல்லை! இயக்கங்களும் மாற்றியிருக்கின்றன. நூறு ஆண்டுக்கு முந்திய தமிழ்ப் பத்திரிகையில் கூட்டத் தலைவருக்கு 'அக்கிராசனர்', வேட்பாளருக்கு 'அபேட்சகர்', செயலாளருக்குக் 'காரியதரிசி', பல்கலைக்கழகத்துக்குச் 'சர்வகலாசாலை' என்று எழுதுவார்கள். வேதாசலம் என்ற பேரை மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்ட அறிஞர் 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். பின்பு திராவிட இயக்கத்தின் மேடைகளும் பத்திரிகைகளும் அந்தச் சொற்களைத் தெருமுனை வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. 'ஸ்ரீ' போய்த் 'திரு' வந்தது. 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்தது. சொல் மாறியபோது, மேடையில் பேசத் தகுதியுள்ளவர் யார் என்ற எண்ணமும் சேர்ந்து மாறியது.

எழுத்தும் மாறியது. பெரியார் 1935-ல் தம் 'குடிஅரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். 1978-ல் தமிழ்நாடு அரசு அதை ஆணையாக்கியது. இன்று நாம் எழுதுகிற ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்ற 13 எழுத்துகளின் வடிவம் அப்படி வந்ததே. நம் மாநிலத்தின் பேரே ஒரு போராட்டத்தின் விளைவு. 1956-ல் விருதுநகர் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. 1967-ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது.

மொழியை ஆணையால் திணிக்கப் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1952 பிப்ரவரி 21 அன்று, வங்காளியையும் ஆட்சிமொழியாக்கக் கேட்டு டாக்காவில் ஊர்வலம் போன மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளைத்தான் 1999-ல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. 1956-ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதுவரை ஆங்கிலத்தில் வேலை பார்த்து வந்த தமிழ் ஊழியர்கள், சிங்களம் தெரிந்தால்தான் உத்தியோகம் என்ற நிலைக்கு ஒரே சட்டத்தால் தள்ளப்பட்டார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியல் சட்டத்தில் ஏற 1987 வரை ஆனது. அதற்குள் அந்தத் தீவு பற்றி எரிந்துகொண்டிருந்தது. மொழி என்பது சோறு, வேலை, மானம் மூன்றும் சேர்ந்தது என்பதை ஆட்சியாளர்கள் மறந்தால் விலை கொடுப்பது ஜனங்கள்தான்.

பெரியாள், சித்தாள்

இப்போது மறுபடியும் சைட்டுக்கு வருவோம். அங்கே தினமும் கேட்கிற இரண்டு சொற்கள், பெரியாள், சித்தாள். பெரியாள் என்றால் ஆண். சித்தாள் என்றால் பெண். சித்தாள் என்பது 'சிறிய ஆள்'. என் அம்மா 20 வருஷமாகக் கல்லும் கலவையும் சுமக்கிறாங்க. சாரத்தில் ஏறி மூணு மாடிக்குப் பாண்டு தூக்கியிருக்காங்க. அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது பிறந்தே இருக்காத பையன் இன்று வேலைக்கு வந்தால் முதல் நாளே அவன் பெரியாள். அம்மா இன்னைக்கும் சித்தாள்!

இது வெறும் பேர்தானே என்று விட்டுவிட முடியாது. கூலி அந்தப் பேரில்தான் இருக்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே இந்தியாவில் சட்டம் வந்தது. ஆனால் "அது பெரியாள் வேலை, இது சித்தாள் வேலை" என்று இரண்டு பேர் வைத்துவிட்டால், இரண்டும் ஒரே வேலையில்லை என்று ஆகிவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவ ஒரு சொல் போதும். கையில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிற வழியும் அந்தச் சொல்லோடு அடைபடுகிறது. சித்தாள் எப்படிக் கொத்தனார் ஆவாள் என்று கேட்பார்கள். சிறிய ஆள் அல்லவா!

ஆனால் இதே அம்மாவுக்கு இன்னொரு சொல்லும் உண்டு. 1994-ல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைக்கப்பட்டது. 1996-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. தொழிலாளர்கள் சங்கம் கட்டி, ஊர்வலம் போய், கேட்டு வாங்கியது இது. அந்த வாரிய அட்டையில் அம்மாவுக்குப் பேர் 'கட்டுமானத் தொழிலாளி'. ஒரு பதிவு எண்ணும் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னாலே விபத்து உதவி, ஓய்வூதியம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி என்று வரிசையாக உரிமைகள் நிற்கின்றன. நான் கட்டிய ஃபீஸில் ஒரு பங்கு அந்தச் சொல் கொடுத்தது. ஒரே பெண்தான், ஒரே தலைச்சுமைதான். ஒரு சொல் கூலியைக் குறைக்கிறது, ஒரு சொல் மகளைப் படிக்க வைக்கிறது.

அப்படியானால் பேரை மாற்றினால் போதுமா? போதாது. 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினோம். நல்லதுதான். ஆனால் மலக்குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்த பிறகும் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. புதுச் சொல்லுக்குப் பின்னால் சட்டமும், சட்டத்துக்குப் பின்னால் கேட்கிற ஆளும் இல்லையென்றால் அது பழைய சுவருக்கு அடித்த புது வெள்ளைதான்.

கேட்கிற ஆள் எங்கிருந்து வருவார்? எழுத்து கிடைத்த கையிலிருந்துதான் வருவார். 1992-ல் பாமா 'கருக்கு' என்ற நூலைத் தம் மக்கள் வீட்டில் பேசுகிற தலித் பேச்சுத்தமிழிலேயே எழுதினார். கரிசல் காட்டு விவசாயியான கி.ராஜநாராயணன், அகராதியில் இடம் கிடைக்காத தம் ஊர்ச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அதிகம் பள்ளிப்படிப்பு இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட பேச்சு புத்தகத்தில் ஏறியதும், அந்தப் பேச்சுக்கு உரியவர்களும் கூடவே ஒரு படி ஏறினார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே! இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் சைட்டிலும் பட்டறையிலும் சூப்பர்வைசராக நிற்கப்போகிறோம். அதுவரை யாராலோ 'வா, போ' என்று சொல்லப்பட்ட வீட்டிலிருந்து வந்த நாம், வேறு சிலரை அழைக்கிற இடத்துக்குப் போகிறோம். ஆகவே எனக்குத் தோன்றும் சில யோசனைகள்:

1. ஆங்கிலத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அதை வெறுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு தொழில்நுட்பச் சொல்லையும் முழுசாகக் கற்போம். அது என்ன என்று ஒரு கொத்தனாருக்குத் தமிழில் விளக்க முடிந்தால்தான் நமக்கே புரிந்ததாக அர்த்தம். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் படிப்புகள் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. தமிழில் பொறியியல் முடியும் என்பதற்கு அது ஒரு தொடக்கம்.

2. மூத்த தொழிலாளிகளிடம் உள்ள சொற்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுவோம். நமது மாணவர் மன்றமே துறைவாரியாக இதைத் தொகுத்து அடுத்த மலரில் வெளியிடலாம். அவர்களோடு அந்தச் சொற்களும் போய்விடக் கூடாது.

3. கைநாட்டோ கையெழுத்தோ வாங்கும் முன்பு, அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்வோம். இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அதனால் சில சமயம் ஒரு வீடே மிஞ்சும்.

4. வேலை செய்கிறவர்களை அண்ணே, அக்கா என்போம், 'வாங்க, போங்க' என்போம். கூலிப் பட்டியல் எழுதும்போது சித்தாள் என்று எழுதாமல், அவர் பேரையும் செய்த வேலையையும் எழுதுவோம். பேரும் வேலையும் எழுத்தில் இருந்தால்தான், கூலி ஏன் குறைவு என்று நாளைக்கு யாராவது கேட்க முடியும்.

மொழி ஒரே நாளில் கட்டப்பட்டதல்ல, ஒரே ஆளால் கட்டப்பட்டதும் அல்ல. இன்னும் வேலை நடந்துகொண்டே இருக்கிற கட்டடம் அது. இதுவரை அதில் சுமை தூக்கிய வீடுகளிலிருந்து இப்போதுதான் சிலர் வரைபடம் போடும் மேஜைக்கு வந்திருக்கிறோம். வந்தவர்கள் வாசலை அடைத்துவிடாமல் அகலமாக வைத்துக் கட்டுவோம்!

வாழ்க தமிழ்! வளர்க மாணவர் ஒற்றுமை!